நீர் வடியும் காலத்துக் காணொளிகள்: மேட்டூர் நீர்த்தேக்கமும் வயதுவந்தோர்க்கான அறிவுக் குறும்படங்களின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

அறிவியல், வரலாறு, புவியியல் ஆகிய துறைகளில் வயதுவந்த பொதுமக்களுக்கெனத் தயாரிக்கப்படும் சிறு காணொளிகள் இன்று தமிழில் பெருகியுள்ளன. இவற்றின் முன்வரலாற்றை 1928ஆம் ஆண்டின் திரைப்படக் குழு அறிக்கை முதல் யூடியூப் வரை தொடர்ந்து நோக்குவது இக்கட்டுரை. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நீர் வடியும்போது வெளிப்படும் பண்ணவாடி நந்தியைப் பற்றிய காணொளிகள் மையச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அரசின் படங்கள் அணையைக் காட்டின. இன்றைய காணொளிகள் அணையால் மூழ்கியதைக் காட்டுகின்றன. இரண்டிலும் வெளியேறிய மக்கள் சாட்சிகளாக இடம்பெறவில்லை என்பதும், அக்குறையை மீறி இக்காணொளிகள் ஆய்வுக்குப் பயன்படும் முறை ஒன்று உண்டு என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

குறிச்சொற்கள்: மேட்டூர், ஸ்டான்லி நீர்த்தேக்கம், செய்திப்படம், பிலிம்ஸ் டிவிஷன், யூடியூப், காவேரிபுரம், பண்ணவாடி, காட்சிச் சான்று.

முன்னுரை

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பரிசல் துறையை ஒட்டிய நீர்ப்பரப்பிலிருந்து இரண்டு கட்டடங்கள் மேலெழுகின்றன. முதலில் பழைய கிறித்தவ ஆலயம் ஒன்றின் இரட்டைக் கோபுரம் தெரியும். நீர்மட்டம் 70 அடியை ஒட்டி மேலும் தாழும்போது ஜலகண்டேஸ்வரர் கோயிலின் முன்னிருந்த நந்தி தலைகாட்டும். நாளிதழ்கள் இதனை நெடுங்காலமாகப் பருவச் செய்தியாக வெளியிட்டு வந்தன. கடந்த பத்தாண்டுகளில் அச்செய்தியின் இடத்தைக் காணொளி பிடித்துக்கொண்டது. நந்தி தெரியத் தொடங்கிய சில நாட்களில் கைப்பேசியாலும் பறக்கும் படக்கருவியாலும் எடுக்கப்பட்ட சிறு காணொளிகள் வந்து குவிகின்றன. அவற்றுட் பல, காட்சியைக் காட்டுவதோடு நில்லாது கோயிலின் காலம், ஊரின் வரலாறு, அணையின் பொறியியல் ஆகியவற்றைக் கற்பிக்கவும் முற்படுகின்றன.

இக்காணொளிகளைத் தரமற்றவை எனக் கல்விப்புலம் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நம் மாணவர்களுட் பெரும்பாலோர் மேட்டூரின் மூழ்கிய ஊர்களைப் பற்றி முதன்முதலில் அறிவது இவற்றின் வழியேதான். எனவே இவை யாரிடமிருந்து பேசக் கற்றன, எதனைப் பேசாது விடுகின்றன, இவற்றை ஆய்வாளர் சான்றாகக் கொள்ள இயலுமா என்னும் மூன்று வினாக்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

கட்டாயக் காட்சி

இந்தியாவில் திரைப்படத்தைப் பொதுமக்கள் கல்விக்குப் பயன்படுத்துவது குறித்த விரிவான விவாதம் 1927 அக்டோபரில் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்படக் குழுவிலேயே நிகழ்ந்துவிட்டது. சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் தி. ரங்காச்சாரியார் அதன் தலைவர். 1928இல் வெளிவந்த அறிக்கை, எழுத்தறிவற்றோர் மிகுந்த நாட்டில் கல்விப்படங்களின் தேவையை வலியுறுத்தியது. பரிந்துரைகள் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றன. எனினும் படிக்கத் தெரியாத, ஆனால் அறிய விரும்பும் வயதுவந்த பார்வையாளர் என்னும் கருத்துரு ஆட்சியாளரின் பேச்சில் இடம்பெறத் தொடங்கியதை இங்குக் குறிக்கலாம்.

இதே காலத்தில்தான் மேட்டூரில் அணை எழுந்துகொண்டிருந்தது. சென்னை, மைசூர் அரசுகளிடையே 1924 பிப்ரவரி 18இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1925 ஜூலையில் பணி தொடங்கியது. கர்னல் டபிள்யூ.எம். எல்லிஸின் வடிவமைப்பு, சி.டி. முல்லிங்ஸ் தலைமைப் பொறியாளர். ஏறத்தாழ 4.80 கோடி ரூபாய்ச் செலவில் 5,300 அடி நீளத்தில் முடிவுற்ற அணையைச் சென்னை ஆளுநர் சர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி 1934 ஆகஸ்டு 21இல் திறந்துவைத்தார். உபரிநீர்ப் போக்கிக்கு எல்லிஸின் பெயர் சூட்டப்பட்டது. மக்கள் வழக்கில் அது இன்றும் பதினாறு கண் பாலமே.

அடுத்த சில ஆண்டுகளில் சேலம் மாவட்டம் வயதுவந்தோரை நோக்கிய வேறொரு பரப்புரைக்கும் களமாயிற்று. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலில் இங்குத்தான் நடைமுறைப்படுத்தியது. கள்ளுக்கடை மூடிய மாலைப்பொழுதை நிரப்பக் கூத்தும் பஜனையும் விளையாட்டும் ஏற்பாடு செய்யப்பட்டன. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் அதே ஆண்டுகளில் வளர்ந்தது. ஆயினும் அதன் முதலீடும் திறனும் கதைப்படங்களிலேயே தங்கின. போர்க்கால ஆதரவுப் படமாக 1945இல் வந்த 'பர்மா ராணி'யும் கதைப்படமே. தமிழகத்தில் கதைசாராப் படத்துக்குத் தனிமனிதர் ஒருவர் வாழ்நாளில் ஒரு பகுதியைச் செலவிட்டதற்கான பெரும் எடுத்துக்காட்டு ஏ.கே. செட்டியாரே. உலகெங்கும் அலைந்து திரட்டிய படச்சுருள்களைக் கொண்டு அவர் உருவாக்கிய காந்தி ஆவணப்படம் 1940இல் வெளிவந்தது. அதற்குத் தொடர்ச்சியாக ஒரு மரபு உருவாகவில்லை. விடுதலைக்கு முந்தைய தமிழ்ப் பொழுதுபோக்கு ஊடகங்களையும் அரசியலையும் ஆராய்ந்த சு. தியடோர் பாஸ்கரனின் 'தி மெசேஜ் பேரர்ஸ்' (1981) நூலைப் படிப்போர், கதைப்படத்துக்குள் கருத்தைப் பொதிந்து சொல்லும் வழக்கம் இங்கு எவ்வளவு வலுவாக இருந்தது என்பதையும் உணர்வர்.

தனிமனித முயற்சி தொடராத வெளியை அரசு நிரப்பியது. போர்க்காலத்தில் 1943இல் இன்ஃபர்மேஷன் பிலிம்ஸ் ஆஃப் இந்தியா அமைக்கப்பட்டது. அதே ஆண்டு இந்தியப் பாதுகாப்பு விதிகளில் சேர்க்கப்பட்ட ஒரு விதி, அரசு ஒப்புதல் பெற்ற படங்களைத் திரையரங்குகள் திரையிடுவதைக் கட்டாயமாக்கியது. 1946இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் என்னும் பெயரில் சுதந்திர இந்திய அரசு அதே ஏற்பாட்டைப் புதுப்பித்தது. காலனிய அரசு தன் போருக்காக உருவாக்கிய கட்டாயத்தைத் தேசிய அரசு வளர்ச்சிக்காகத் தக்கவைத்துக்கொண்டது என்பது கருதத்தக்கது. படத்துக்கான வாடகையைத் திரையரங்கு உரிமையாளரே வசூலிலிருந்து செலுத்த வேண்டியிருந்தது.

அணை பேசிய படங்கள்

பிலிம்ஸ் டிவிஷன் குறும்படங்களும் 'இந்தியன் நியூஸ் ரிவியூ' செய்திப்படங்களும் தமிழ் விளக்கவுரையுடன் சேலம், நாமக்கல் பகுதியின் நிலையான அரங்குகளிலும் கீற்றுக்கொட்டகைகளிலும் ஓடின. கொட்டகை இல்லாத ஊர்களுக்கு மத்தியக் கள விளம்பரத்துறையும் மாநிலச் செய்தித்துறையும் வண்டிகளில் 16 மி.மீ. படக்கருவியை எடுத்துச் சென்றன. பார்வையாளர் கட்டணம் கொடுத்தது சிவாஜி கணேசனுக்காகவோ எம்.ஜி.ஆருக்காகவோ, கிடைத்தது முதலில் பக்ராவோ துங்கபத்திரையோ. பலரும் அந்நேரத்தில் வெளியே பீடி பிடிக்கச் சென்றனர் என்பது அக்காலத் திரையரங்க நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. ஆயினும் அமர்ந்திருந்தவர்கள் பனிமலையையும் எஃகு உருக்காலையையும் முதன்முதலில் அசையும் படமாகக் கண்டது அங்கேதான்.

இப்படங்களின் இலக்கணம் எளியது. முகம் தெரியாத ஆண்குரல் ஒன்று அனைத்தையும் அறிந்ததாகப் பேசும். படக்கருவி அணையின் மேலிருந்து கீழ்நோக்கும். வறண்ட வயல், பிறகு மதகு திறக்கும் காட்சி, பிறகு பசுமை எனக் காட்சிகள் அடுக்கப்படும். பீட்டர் சுடோரிஸ் தம் 'விஷன்ஸ் ஆஃப் டெவலப்மென்ட்' (2016) நூலில் பிலிம்ஸ் டிவிஷனின் 1948–75 காலப் படங்களை முன்னேற்றம் பற்றிய கற்பனையின் வரலாறாகவே வாசிக்கிறார். அணைப்படங்களில் நீரைப் பெறும் உழவர் உண்டு. நிலத்தைக் கொடுத்தவர் அரிதினும் அரிது. 1960களின் பிற்பகுதியில் இந்த அமைப்புக்குள்ளேயே ஒரு விலகல் நேர்ந்தது. எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் 20' (1967), விடுதலையடைந்த ஆண்டில் பிறந்த இளைஞர்களைத் தாமே பேசவிட்டது. கே.எஸ். சாரியும் டி.ஏ. ஆபிரகாமும் எடுத்த 'ஃபேஸ் டு ஃபேஸ்' (1967) எதிர்நின்ற மனிதர்களிடம் ஒலிவாங்கியை நீட்டியது. இவ்விரு படங்களின் முறை தொடர்ந்திருந்தால் மேட்டூரின் வெளியேற்றப்பட்ட தலைமுறையினர், தம் ஐம்பது அறுபது வயதில், படச்சுருளில் பேசியிருக்கக்கூடும். அப்போது அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

தொலைக்காட்சிக் காலத்தை இங்கு விரைந்து கடக்கலாம். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களின் 2,400 ஊர்களை எட்டியது. தமிழ்நாடு அவற்றுள் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதே ஆண்டு ஆகஸ்டு 15இல் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 1984இல் தொடங்கிய நாடுதழுவிய வகுப்பறை ஒளிபரப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தது. மேட்டூரின் இரசாயன ஆலையிலோ அலுமினிய ஆலையிலோ மாலைப்பணி முடித்து வந்த தொழிலாளிக்கு அது உரியதன்று.

துணுக்கின் வழிவந்த குரல்

யூடியூப் 2005இல் தோன்றியது. எனினும் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் அது அன்றாடப் பழக்கமானது 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி அலைபேசித் தரவின் விலை வீழ்ந்த பின்னரே. மதன் கௌரி, மிஸ்டர் ஜிகே, தமிழ்ப் பொக்கிஷம் போன்ற அலைவரிசைகள் அறிவியலையும் வரலாற்றையும் உலக நடப்பையும் பேச்சுத்தமிழில் விளக்கிப் பெரும் பார்வையாளர் தொகையைப் பெற்றன. பள்ளிப் பாடத்திட்டத்தோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. அறிய விரும்பும் வயதுவந்தோரே இவற்றின் இலக்கு. 1928இன் குழு கற்பனை செய்த பார்வையாளர் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, கட்டாயமின்றித் தாமே வந்து சேர்ந்தார் எனலாம்.

இக்காணொளிகளைப் பிலிம்ஸ் டிவிஷனின் வாரிசுகளாகக் காண்பது வழக்கம். நீளத்தில் அவ்வொப்புமை உண்டு. 35 மி.மீ. படச்சுருள் ஒன்று 1,000 அடி. ஓடுநேரம் ஏறத்தாழப் பதினொரு நிமிடம். யூடியூப் காணொளியின் இடையே விளம்பரம் செருகுவதற்கான குறைந்தபட்ச நீளம் பத்து நிமிடமாக இருந்தது; 2020 ஜூலையில் எட்டு நிமிடமாயிற்று. முன்னதில் சுருளின் கொள்ளளவும் பின்னதில் விளம்பர விதியும் அறிவின் அளவைத் தீர்மானித்தன. 2024 வரை அறுபது நொடிக்குள் அடங்கிய 'ஷார்ட்ஸ்' வடிவம் 2020 செப்டம்பரில் இந்தியாவில்தான் முதலில் சோதிக்கப்பட்டது.

குரலின் மரபு வேறு. தமிழில் வயதுவந்தோர்க்கான பொது அறிவு நெடுங்காலம் அச்சில் வாழ்ந்தது. அதற்கு இரு கிளைகள் இருந்தன. பெ.நா. அப்புசாமியின் அறிவியல் கட்டுரைகள், கோவையிலிருந்து வந்த 'கலைக்கதிர்', பெரியசாமித் தூரன் பதிப்பித்து 1954 முதல் வெளிவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம், அறிவொளி இயக்கக் காலத்துச் சிறு வெளியீடுகள் ஆகியன ஒரு கிளை. அங்கே கலைச்சொல் ஆக்கப்பட்டது. எழுதியவர் பெயர் இருந்தது. வார இதழ்களின் பக்க ஓரத்தில் கட்டமிட்டு வந்த துணுக்கு மற்றொரு கிளை. 'தெரியுமா?' என்று தொடங்கி, வியப்பைத் தந்து, ஆதாரம் சொல்லாது முடிவது அதன் இயல்பு. இன்றைய சிறு காணொளிகளுட் பல இந்த இரண்டாம் கிளையின் நேர்வழித்தோன்றல் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. முதல் சில நொடிகளில் வியப்பை நிறுத்தாவிட்டால் பார்வையாளர் விரலை நகர்த்திவிடுவார் என்னும் நெருக்கடி துணுக்கின் இயல்பை மேலும் கூர்மையாக்கியுள்ளது. விதிவிலக்குகள் உள, பின்புலத்தில் நூற்பெயர்களைக் காட்டுவோரும், பிழை திருத்திப் புதிய காணொளி வெளியிடுவோரும் உளர்.

நந்தியும் நந்திக்கு அப்பாலும்

பண்ணவாடிக் காணொளிகளுக்குத் திரும்புவோம். இவற்றில் பொதுவாக மூன்று செய்திகள் அமைகின்றன: கோயில் ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையது, நீருக்குள் ஒரு மர்மம் உள்ளது, நந்தி தெரிவது வறட்சியின் அறிகுறி. மூன்றாவதில் உண்மை உண்டு. முதலாவதற்குக் கல்வெட்டுச் சான்றையோ கட்டடக்கலை ஒப்பீட்டையோ காட்டும் காணொளி அரிது. இரண்டாவது வெறும் சொல்லலங்காரம். கோயிலின் பெயரிலேயே நீர் இருப்பதை வியந்து, மூழ்கப்போவதை முன்னறிந்து வைத்த பெயர் என்று விளக்கும் போக்கும் உண்டு. வேலூர்க் கோட்டைக்குள் விசயநகரக் காலச் சிவன்கோயில் ஒன்று இதே பெயரில் உள்ளது; அதற்கும் அணைக்கும் தொடர்பில்லை. இந்த ஓர் ஒப்பீடு போதும், அவ்விளக்கம் நிற்காது.

மர்மம் எனப்படும் இடத்தில் இருப்பது அண்மைக்கால வரலாறு. 1934க்கு முன்னர் அங்கே ஊர்கள் இருந்தன. காவிரியின் இருகரையிலும் வண்டல் நிலமும் துறைகளும் சந்தைவழிகளும் இருந்தன. காவேரிபுரம் மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் கணவாய்வழியின் அடிவாரத்தில் நின்ற கோட்டையூர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1800இல் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இவ்வழியே இறங்கி வந்து ஊரையும் கோட்டையையும் குறித்துவைத்துள்ளார். அவரது பயண நூல் 1807இல் இலண்டனில் வெளிவந்தது. தாரமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கெட்டி முதலியாரின் ஆட்சிப்பரப்போடு இப்பகுதியை இணைத்துப் பார்ப்பதற்கும் அந்நூல் இடந்தருகிறது. ஆக, நந்தியின் சுற்றுப்புறம் பற்றிப் பேச விரும்பும் ஒருவருக்கு ஆயிரம் ஆண்டுகளைக் கற்பனை செய்யாமலே, அச்சில் உள்ள ஆவணங்களிலிருந்து இருநூறு ஆண்டுகளைச் சொல்ல முடியும்.

நீர் பெருகியபோது மக்கள் மேட்டுநிலங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று காவேரிபுரம், பண்ணவாடி என்னும் பெயர்கள் கரையூர்களுக்கு வழங்குகின்றன. பெயர் மேலேறியது, நிலம் கீழே தங்கியது. வழிபாட்டுத் திருமேனிகளை மக்கள் தம்மோடு எடுத்துச் சென்றனர் என்பது அங்கு வழங்கும் செய்தி. நீர் வடியும் மாதங்களில் நீர்த்தேக்கப் படுகையின் வெளிப்பட்ட பகுதிகளில் சோளம், கம்பு, நிலக்கடலை போன்றவை பயிரிடப்படுவதும், நீர் ஏறியதும் பரிசலும் மீன்வலையும் அவ்விடத்தைப் பெறுவதும் இந்நிலத்தோடு கரையூர் மக்களுக்குள்ள உறவு அறுபடவில்லை என்பதைக் காட்டுகின்றன. நந்தியை நோக்கிப் பறக்கும் படக்கருவி இவ்வயல்களின் மேல்தான் பறக்கிறது. சட்டகத்துள் அவை பச்சைத் திட்டுகளாக வந்துபோகும், விளக்கவுரையில் வருவதில்லை.

பிலிம்ஸ் டிவிஷன் அணையின் மேல்நின்று பார்த்தது. இவை வானில் நின்று பார்க்கின்றன. அன்று முகமற்ற குரல் தேசத்தின் பெருமையைச் சொன்னது. இன்று முகமுள்ள இளைஞர் பழம்பெருமையைச் சொல்கிறார். இரண்டு பெருமைகளுக்கும் இடையே விடுபட்டது ஒரே காலப்பகுதி: 1925க்கும் 1934க்கும் இடைப்பட்ட நில எடுப்பு, இழப்பீடு, குடிபெயர்வு ஆகியவற்றின் காலம். இது வெறும் கவனக்குறைவாகத் தோன்றவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசனைப் பற்றிப் பேசுவதால் எவரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய நில எடுப்பைப் பேசினால் யாருடைய நிலம், என்ன விலை, எங்கே சென்றனர் என்னும் வினாக்கள் எழும்.

அடியும் டிஎம்சியும்

குறைகளையே பேசி இப்பொருளை முடிப்பது நேர்மையாகாது. காவிரிச் சிக்கல் தமிழ்நாட்டின் வயதுவந்தோர் அனைவருக்கும் ஓரளவு நீரியல் கற்பித்திருக்கிறது. தேநீர்க்கடையில் கனஅடியையும் டிஎம்சியையும் இயல்பாகப் பேசும் மக்கள் வேறெங்கும் இவ்வளவு பேர் இருப்பார்களா என்பது ஐயமே. இவ்வறிவுக்கு உருவம் கொடுப்பதில் சில காணொளிகள் அச்சைவிட நன்கு செயற்பட்டுள்ளன.

நீர்மட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது அனைவரும் அறிந்தது. அது கடல்மட்டத்திலிருந்து 790 அடி உயரம் என்பதைப் பலர் அறியார். எனவே அளவுகோலின் சுழியம் 670 அடியில் உள்ளது. அது ஆற்றின் அடித்தரை அன்று. 1924 ஒப்பந்தம் கொள்ளளவை 93,500 மில்லியன் கனஅடி என வரையறுத்தபோது அதனை மிகத் தாழ்ந்த பாசன மதகுக்கு மேலிருந்தே கணக்கிட்டது. அணையின் மொத்த உயரம் 214 அடி என்றும் நீர்மட்டம் 120 அடி என்றும் படித்துக் குழம்பும் மாணவருக்கு இதனை ஒரு குறுக்குவெட்டுப் படத்தால் அரை நிமிடத்தில் விளக்கிவிடலாம். அதுபோன்றே, 120 அடியில் 93.47 டிஎம்சி, 100 அடியில் ஏறத்தாழ 65, 70 அடியில் ஏறத்தாழ 33. மேலுள்ள இருபது அடி கொள்ளும் நீர், அடியிலுள்ள எழுபது அடி கொள்ளும் நீரோடு போட்டியிடுகிறது. பள்ளத்தாக்கு மேலே செல்லச் செல்ல விரிகிறது என்பதே காரணம். நந்தி தெரியும்போது அணையில் பாதிக்கு மேல் நீர் உள்ளது என்று அடிக்கணக்கைக் கொண்டு எண்ணுவோர் பிழைபடுவர். மூன்றிலொரு பங்கே எஞ்சியிருக்கும். இத்தகைய செய்தியை அசையும் படம் சொல்வதுபோல் பத்தி சொல்வதில்லை என்பதை இப்பத்தியே காட்டும்.

காணொளியைச் சான்றாகக் கொள்ளுதல்

மேற்கண்ட அளவைமுறையே ஆய்வாளருக்கு ஒரு வாயிலைத் திறக்கிறது. மேட்டூர் நீர்மட்டம் நாள்தோறும் பதிவாகி வெளியிடப்படுகிறது. எனவே நந்தி இடம்பெறும் ஒரு காணொளி எடுக்கப்பட்ட நாள் உறுதியாகத் தெரிந்தால், காட்சியில் நீர்க்கோடு தொடும் இடத்தின் உயரமும் தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, நீர்மட்டம் 68 அடியாக உள்ள நாளில் பீடத்தின் ஒரு படியை நீர் தொட்டால் அப்படி கடல்மட்டத்திலிருந்து 738 அடியில் உள்ளது. பல ஆண்டுகளின் காணொளிகளை இவ்வாறு வரிசைப்படுத்தினால் கட்டடத்தின் சிதைவையும் அதன் அடியில் வண்டல் படிவதையும் செலவின்றிக் கண்காணிக்கலாம். எடுத்தவர் அறியாமலே அவர் காணொளி அளவீட்டுக் கருவியாகிறது. விளக்கவுரையின் பிழை இதனைத் தொடாது.

எச்சரிக்கைகள் உள. பதிவேற்றிய நாள் எடுத்த நாள் ஆகாது. பழைய காட்சியை அடுத்த வறட்சியில் புதிதென வெளியிடுவது மிகுதி. ஒருவர் எடுத்ததைப் பலர் வெட்டிச் சேர்ப்பதும் உண்டு. நீர்க்கோடும், கரைப்பயிரின் வளர்ச்சியும், உடன்தெரியும் ஆலயக் கோபுரத்தின் அளவும் ஒன்றோடொன்று ஒத்துவருகின்றனவா எனச் சரிபார்த்த பின்னரே நாளை ஏற்க வேண்டும். அலைவரிசை மூடப்பட்டால் காணொளி மறைந்துவிடும் என்பதும் நினைவிற்குரியது. பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டபோது அதன் படச்சுருள்களின் பாதுகாப்பு பற்றித் திரைப்படத் துறையினர் கவலை தெரிவித்தனர். யூடியூப் காணொளிகளுக்கு அவ்வாறு கவலைப்படும் நிறுவனம்கூட இல்லை. சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற வட்டார நிறுவனம் ஒன்று, இசைவு பெற்று, நாளும் நீர்மட்டமும் குறித்த ஒரு சிறு தொகுப்பைத் தொடங்குவது பெருஞ்செலவுக்குரியதன்று.

மக்கள் வாய்மொழியில் நிலை கடினமானது. 1934இல் பத்து வயதுச் சிறுவராக ஊரை விட்டவருக்கு 2024இல் நூறு வயது. நேர்ச்சாட்சிகளின் காலம் முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது பெற்றோரிடமிருந்தும் பாட்டன்மாரிடமிருந்தும் கேட்டவர்களின் நினைவு. அவர்களும் முதியோரே. அவர்களிடம் நந்தியைப் பற்றிக் கேட்பதைவிட எந்த மேட்டுக்கு எந்தத் தெரு ஏறியது, எந்தக் காட்டுக்கு என்ன பெயர், பங்காளிகள் எங்கே பிரிந்தனர், இழப்பீட்டுத் தொகையால் என்ன வாங்கினர் என்று கேட்பதே பயன்தரும். அவ்விடைகளைச் சென்னை ஆவணக்காப்பகத்தின் வருவாய்த்துறை நடவடிக்கைகளோடும் 1934க்கு முந்தைய நில அளவைப் படங்களோடும் ஒப்பிட வேண்டும். கரையில் நின்று கேட்பதற்கும் படுகையில் இறங்கி, காடு இருந்த இடத்தில் நின்று கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதில் இடப்பெயர்கள் தாமே வந்துவிழும்.

அதற்கான காலம் குறுகியது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 40 அடியாக இருந்த நீர்மட்டம் அதே மாதம் 30ஆம் நாள் 120 அடியை எட்டியது. கர்நாடக நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை வலுத்த பின் களத்துக்கு எஞ்சுவது சில நாட்களே. ஆகவே வினாநிரல், பழைய நிலப்படத்தின் படிகள், முதியோர் பட்டியல், பரிசல் ஏற்பாடு ஆகியன கோடையிலேயே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நீர்மட்டம் 70 அடிக்குக் கீழ் இறங்கியதும் பணியைத் தொடங்கிவிடலாம்.